பட்டன் புதுசு, ரப்பர் பழசு: சேலத்தில் கார் டயர் வாங்குவோர் தேதி பார்த்து வாங்குங்கள்

சேலத்தில் திறன் கூடிய எஞ்சின் உள்ள கார் வைத்திருப்பவர்கள், அதிலும் 17 அங்குல ரிம்முக்கு அகல டயர் தேடுகிறவர்கள், "புது ஸ்டாக்" என்ற கடைக்காரரின் வாய்வார்த்தையை மட்டும் நம்பி டயரை மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்காக இதை எழுதுகிறேன். ஏழு வருடப் பழைய டயர்கள் இரண்டைப் புதியவை என்று சொல்லி, புதியதற்கு உண்டான முழு விலையை வாங்கிக்கொண்டு எனக்கு விற்றார்கள். அது எனக்குத் தெரியவந்தது ஏற்காடு மலைப்பாதையில், மழை ஈரத்தில், மனைவியும் மகளும் காருக்குள் இருந்த நேரத்தில். யாருக்கும் காயமில்லை. புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. டயர் கம்பெனியின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லாததால் அந்தப் பெயரும் இங்கே தேவையில்லை.

என்னுடையது டர்போ பெட்ரோல் எஞ்சின் உள்ள, முன்சக்கரங்களால் இயங்கும் கார். டயர் அளவு 225/45 ஆர்17. டயரின் அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 45 விழுக்காடு, ரிம்மின் விட்டம் 17 அங்குலம் என்பது இதன் பொருள். நம் ஊரில் சாதாரண ஹேட்ச்பேக் கார்களுக்குப் போடும் 14, 15 அங்குல டயர்கள் கடைக்கு வந்த வேகத்தில் விற்றுப்போகும். இந்த அகல டயர்களைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. அதனால் ஒரு ஜோடி வந்தால் அது வருடக்கணக்கில் தகரக் கூரையின் கீழ் அடுக்கில் கிடக்க வாய்ப்புண்டு. சேலத்துச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் இருக்கும் சூட்டை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ரப்பரை முதுமையாக்குவதில் வெப்பத்துக்கும் ஆக்ஸிஜனுக்கும்தான் முதல் பங்கு. விலை அதிகமான இந்த டயர்களே பழைய ஸ்டாக்காகத் தேங்குகின்றன என்பதையும், அவற்றை வாங்குகிறவர்களே வளைவில் டயரிடம் அதிகம் எதிர்பார்க்கிறவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த ஏமாற்றின் கனம் புரியும்.

முன் டயர்கள் இரண்டையும் இந்த டயர்களை வாங்குவதற்கு முந்தைய வருடம் கோயம்புத்தூரில் மாற்றியிருந்தேன். பின் டயர்களில் பட்டன், அதாவது சாலையைத் தொடும் பள்ளமும் கட்டையுமான மேல்ரப்பர், 2 மில்லிமீட்டருக்குத் தேய்ந்துவிட்டதால் 2023 ஆகஸ்டில் இங்கேயே ஒரு ஜோடி வாங்கினேன். கார்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவு 1.6 மில்லிமீட்டர். பட்டனின் பள்ளத்துக்குள் குறுக்கே நிற்கும் சிறு மேடுகள் அந்த உயரத்தில்தான் வார்க்கப்பட்டிருக்கும். கடையில் காட்டிய டயர்கள் பார்வைக்குப் பளபளவென்று இருந்தன. அச்சிலிருந்து எடுத்த புது டயரில் மெல்லிய ரப்பர் முடிகள் நீட்டிக்கொண்டிருக்குமே, அவையும் உதிராமல் இருந்தன. பட்டன் முழு ஆழம். "டபிள்யூ ரேட்டிங் சார், 270 வரைக்கும் அசையாது" என்றார் கடைக்காரர். 91டபிள்யூ என்ற குறியீட்டில் 91 என்பது ஒரு டயர் 615 கிலோ எடை தாங்கும் என்பதையும், டபிள்யூ என்பது மணிக்கு 270 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதையும் குறிக்கின்றன. அந்த எழுத்து டயரின் தாங்குதிறனைச் சொல்கிறதே தவிர, ஈரச் சாலையில் எவ்வளவு பிடிக்கும் என்பதையோ டயருக்கு எத்தனை வயது என்பதையோ சொல்வதில்லை. விலை பேசும்போது கடைக்காரர் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

நடந்தது அக்டோபரில். ஏற்காட்டில் மதியம் பெய்த மழை விட்டபின் அடிவாரம் நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். அந்தப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நான் சொல்லும் இடம் அவற்றில் ஒன்றல்ல, இரண்டு கொண்டை ஊசிகளுக்கு நடுவே வலப்புறமாகத் திரும்பும் சாதாரண வளைவு. வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரை ஒட்டி இருந்தது. எதிரே பஸ் ஒன்று ஏறி வந்ததால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து லேசாக பிரேக்கைத் தொட்டேன். ஸ்டீயரிங்கில் எந்த மாற்றமும் தெரியவில்லை, முன்பக்கம் நான் திருப்பிய திசையிலேயே போயிற்று. ஆனால் காரின் பின்பக்கம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இடப்புறம் விலகியது. நல்ல டயர் பிடி விடும் முன் சற்றே கீச்சிடும், சற்றே இழுக்கும், ஓட்டுகிறவருக்கு ஒரு நொடி அவகாசம் தரும். இங்கே அது எதுவுமில்லை. கார் சறுக்குவதைத் தானாகவே கட்டுப்படுத்தும் இஎஸ்பி அமைப்பின் விளக்கு மின்னியது, முன் இடது சக்கரத்தை அது பிரேக் பிடித்து மூக்கை வெளிப்புறம் இழுப்பதைக் காலடியில் உணர்ந்தேன். கார் நேரானது. நேராவதற்குள் பின் இடது சக்கரம் கைப்பிடிச் சுவரில் இடித்து ரிம் நெளிந்தது. அந்தச் சுவர் இல்லாத ஓர் இடமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் கொண்டலாம்பட்டிப் பக்கம் ரிம் நிமிர்த்தும் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனேன். டயரை ரிம்மிலிருந்து கழற்றிய இளைஞர் அதை உருட்டி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, "இது எப்பங்கண்ணா வாங்குனீங்க?" என்று கேட்டார். ரெண்டு மாசம் ஆச்சு என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பக்கச்சுவரில் ஓரிடத்தைக் கட்டைவிரலால் துடைத்துக் காட்டினார். டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசியில், நீள்வட்டக் கட்டத்துக்குள் 3816 என்று இருந்தது. முதல் இரண்டு இலக்கம் வாரம், அடுத்த இரண்டு வருடம். 2016ஆம் ஆண்டின் 38ஆவது வாரத்தில் செய்த டயர் அது. இன்னொரு பின் டயரிலும் அதே எண்.

இந்த எண் ஏன் என் கண்ணில் படவில்லை என்பதில்தான் கடைக்காரரின் கைவேலை முழுவதும் இருக்கிறது. பல டயர்களில் வாரமும் வருடமும் ஒரு பக்கச்சுவரில் மட்டுமே அச்சாகியிருக்கும். என் டயர்கள் உள்பக்கமும் வெளிப்பக்கமும் வேறுவேறு அமைப்புக் கொண்டவை. எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்பதை "அவுட்சைடு" என்று கம்பெனியே அதில் அச்சிட்டிருக்கிறது. தேதி எண் இருந்ததும் அந்தப் பக்கத்தில்தான். தேதியை மறைப்பதற்காக இரண்டு டயர்களையும் புரட்டி, வெளியே தெரிய வேண்டிய பக்கத்தைக் காருக்கு அடியில் பார்க்கும்படி மாட்டியிருந்தார்கள். இந்த வகை டயரில் வளைவின் அழுத்தத்தைத் தாங்கும் பெரிய, கெட்டியான கட்டைகள் வெளித்தோளிலும், நீரை வெளியேற்றும் பள்ளங்கள் பெரும்பாலும் உள்பாதியிலும் அமைந்திருக்கும். புரட்டி மாட்டினால் அந்த ஏற்பாடே தலைகீழாகிவிடுகிறது. வயதை மறைக்கப் போய், மிச்சமிருந்த கொஞ்சப் பிடிமானத்தையும் கெடுத்திருக்கிறார்கள். இதை நான் கவனக்குறைவு என்று ஏற்க மாட்டேன். இரண்டு டயரிலும் ஒரே தவறு நேர்ந்து, இரண்டிலும் ஒரே எண்ணை அது மறைத்தது தற்செயலாக இருக்க முடியாது.

பட்டன் முழுசாக இருக்கும்போது பழசானால் என்ன என்று கேட்பவர்களுக்காக இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரு டயர் சாலையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். அந்த இடத்தில் ரப்பர் இரண்டு விதமாகப் பிடிக்கிறது. ஒன்று, ரப்பரின் மூலக்கூறுகள் சாலைப் பரப்போடு ஒட்டி விடுபடுவது. மற்றது, தார்ச்சாலையின் சிறு கற்களின் மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் அமுங்கிப் படிந்து, மீண்டு எழும்போது நகர்வை எதிர்ப்பது. சாலை நனைந்திருந்தால் நடுவே நீர்ப்படலம் வந்துவிடுவதால் முதல் வகை பெரிதும் குறைந்துபோகும். மிஞ்சுவது இரண்டாவது மட்டுமே. அதற்கு ரப்பர் மென்மையாக இருந்தாக வேண்டும். ஆண்டுகள் போகப்போக, டயர் ஓடாமல் சும்மா கிடந்தாலும், ரப்பரின் நீண்ட சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் கூடிக்கொண்டே போய் அது இறுகிவிடுகிறது. இறுகிய ரப்பர் கற்களின் மேல் அமுங்காமல் அவற்றின் தலையில் வழுக்கிக்கொண்டு போகிறது. பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அது தண்ணீரை வெளியேற்றத்தான் உதவுமே தவிர, இறுகிய ரப்பரை மென்மையாக்காது. பட்டறையில் அந்த டயரை மடக்கிப் பார்த்தபோது பள்ளத்தின் அடியில் நூலிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருந்தது தெரிந்தது. மேலே பூசியிருந்த பாலிஷ் அதை மறைத்திருந்தது. பிறகு ரப்பரின் கடினத்தை அளக்கும் ஹார்ட்னஸ் மீட்டர் வைத்திருக்கும் வேறொரு டயர் கடையில் அளந்தபோது, எண் கூடக்கூடக் கடினம் கூடும் ஷோர் ஏ அளவில் முன் டயர்கள் 65க்குப் பக்கத்திலும் பின் டயர்கள் 80க்குப் பக்கத்திலும் காட்டின. முன் டயரில் விரல் நகத்தை அழுத்தினால் தடம் விழுகிறது, பின் டயரில் நகம்தான் வளைகிறது.

இந்த வேறுபாடு பின்பக்கத்தில் இருந்ததுதான் ஆபத்தை இரட்டிப்பாக்கியது. இறக்கத்தில் காரின் எடை இயல்பாகவே முன்னோக்கிச் சாயும். ஆக்ஸிலரேட்டரை விட்டு பிரேக்கையும் தொட்டால் இன்னும் சாயும், பின் சக்கரங்கள் லேசாகிவிடும். ஒரு டயரின் பிடிமானம் ஓர் அளவுக்கு உட்பட்டது, திரும்புவதற்கும் நிற்பதற்கும் அதையே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். முன் டயர்கள் நல்ல நிலையில் இருந்ததால் மூக்கு சொன்னபடி திரும்பியது, பின் டயர்களுக்கு அதைப் பின்தொடரும் வலு இல்லை. முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து யாரும் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைப்பதே காரைச் சுழற்றிவிடும். இரண்டு டயர் மட்டும் மாற்றும்போது புதியவற்றைப் பின்னால் போடுங்கள் என்று டயர் கம்பெனிகள் சொல்வது இதற்காகத்தான். அந்த அறிவுரையின்படி "புதிய" டயர்கள் என் காரின் பின்பக்கத்தில்தான் இருந்தன. புதியவை என்று பெயர் சொன்ன அவை, இருந்த நான்கில் மிகப் பழையவை.

டயர்களோடு கடைக்குப் போனபோது மூன்று விதமான பதில் கிடைத்தது. முதலில், "பவரான வண்டி சார், கொஞ்சம் பாத்து ஓட்டணும்" என்றார்கள். 30 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சினின் திறனுக்கு அங்கே வேலையே இல்லை. பிறகு, புது டயர் தொடக்கத்தில் கொஞ்சம் வழுக்கத்தான் செய்யும் என்றார்கள். வார்ப்பிலிருந்து வரும் மேற்பூச்சு தேயும் வரை, முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும் என்பது உண்மைதான். என் கார் அந்த டயர்களோடு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி முடித்திருந்தது. கடைசியாக 3816 என்ற எண்ணின் படத்தைக் காட்டியபின், "அது மாடல் நம்பர் சார்" என்று துணிந்து சொன்னார் உரிமையாளர். பல வருடமாக டயர் விற்கிற ஒருவர் முகத்துக்கு நேரே இப்படிச் சொன்னதுதான், பாதிப் பணம் திருப்பித் தருகிறேன் என்று அவர் பின்னால் இறங்கி வந்தபோதும் நான் ஒப்புக்கொள்ளாமல் வந்ததற்குக் காரணம்.

வாங்கப் போகிறவர்கள் டயரை ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே இரண்டு பக்கச்சுவரையும் திருப்பிக் காட்டச் சொல்லி அந்த நான்கு இலக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டயருக்கும் தனியாகப் பாருங்கள், ஒரே ஜோடியில் இரண்டு வெவ்வேறு வருடங்கள் வருவதும் உண்டு. நல்ல கிடங்கில் சில மாதங்கள் இருந்ததால் டயர் கெட்டுவிடாது. ஓராண்டுக்குள் செய்ததாக இருந்தால் நான் தயங்க மாட்டேன், இரண்டாண்டைத் தாண்டினால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் மலைப்பாதைக்குப் போகும் காருக்கு வாங்க மாட்டேன். மாட்டி முடித்தபின் "அவுட்சைடு" என்ற எழுத்து நான்கு சக்கரத்திலும் வெளியே தெரிகிறதா என்று காரைச் சுற்றி வந்து பாருங்கள். எல்லாவற்றையும் விட முக்கியமாக, அந்த நான்கு இலக்கத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்போது கார் டயருக்கு 28 விழுக்காடு ஜிஎஸ்டி இருந்ததால், பில் இல்லாமல் வாங்கினால் குறையும் என்று எனக்கும் ஆசை காட்டினார்கள். ஜிஎஸ்டி பில் கையில் இருந்ததால்தான் என்னால் மேற்கொண்டு எதுவும் செய்ய முடிந்தது. தேதி எண் அதில் இல்லாததால், அந்த டயர் தாங்கள் விற்றதே அல்ல என்று இப்போது வாதிடுகிறார்கள்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழைய பொருளைப் புதியது என்று சொல்லி விற்பதை முறையற்ற வணிக நடைமுறை என்று வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நான் புகார் கொடுத்திருக்கிறேன். பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமில்லை, சம்பவம் நடந்த இரண்டாண்டுக்குள் கொடுக்க வேண்டும். எப்படிக் கொடுப்பது என்று தெரியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேட்கலாம். டயர்கள் இரண்டையும் விற்காமல், பழுது பார்க்காமல், தேதி எண் தெரியும்படி வீட்டில் வைத்திருக்கிறேன். 2023ஆம் ஆண்டின் பிற்பாதியில் இதே அளவு டயரைச் சேலத்தில் வாங்கியவர்கள், காரை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றி, உள்பக்கச் சுவரில் டார்ச் அடித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். அங்கே பழைய எண் இருந்தால் டயரை மாற்றும் வரை மலை ஏறாதீர்கள், பில்லையும் படங்களையும் பத்திரப்படுத்திக்கொண்டு எனக்கு எழுதுங்கள், ஆணையத்தில் சேர்ந்தே கொடுப்போம்.