புல்பசாரா, சார்மாண்டரா, ஸ்குவிர்டிலா?

அலமாரியில் கிடந்த என் பழைய கேம்பாய் அட்வான்ஸைத் துடைத்து அண்ணன் மகனிடம் கொடுத்தேன். அவனுக்கு ஒன்பது வயது. உள்ளே 2004இல் வந்த போக்கிமான் ஃபயர்ரெட் செருகியே இருந்தது; போக்கிமான் என்ற விலங்குகளைப் பிடித்து, வளர்த்து, மோதவிடும் ஆட்டம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, முதல் கேள்வி வந்துவிட்டது: "சித்தப்பா, இந்த மூணுல எதை எடுக்கட்டும்?"

பேராசிரியர் ஓக்கின் மேசையில் மூன்று பந்துகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு போக்கிமான். புல் வகைக்குப் புல்பசார், நெருப்புக்கு சார்மாண்டர், நீருக்கு ஸ்குவிர்டில். 1996இல் ஜப்பானில் முதல் ஆட்டம் வெளிவந்த நாளிலிருந்து இதே மூன்று பேரில் யாரை எடுப்பது என்றுதான் சண்டை. நாம் எதை எடுத்தாலும் அதை அடிக்கக்கூடியதை எதிராளிப் பையன் எடுத்துக்கொள்வான். அதனால் அவனை நினைத்துத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. எட்டு ஜிம்களை, அதாவது தலைவர் ஒருவரைத் தோற்கடித்துப் பதக்கம் வாங்கும் களங்களை, வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

முதல் ஜிம் பிராக்குடையது. 12ஆம் லெவல் ஜியோடூட், 14ஆம் லெவல் ஓனிக்ஸ், இரண்டுமே பாறையும் நிலமும் கலந்த வகை. புல்லும் நீரும் அவற்றின் மேல் நான்கு மடங்கு ஏறும். புல்பசார் 10ஆம் லெவலில் வைன் விப் என்ற புல் அடியைக் கற்றுக்கொள்ளும், ஸ்குவிர்டில் 7ஆம் லெவலிலேயே பபிள் என்ற நீர் அடியைக் கற்றுக்கொள்ளும். ஓரிரு அடி, கதை முடிந்தது. சார்மாண்டரின் நெருப்பு அடியான எம்பர் பாதிதான் ஏறும். ஃபயர்ரெட்டில் 13ஆம் லெவலில் மெட்டல் கிளா என்ற எஃகு அடி கிடைக்குமே என்பார்கள். உண்மைதான், பாறை மேல் அது இரண்டு மடங்கு. ஆனால் அது உடல்வழித் தாக்குதல். அதைத் தடுக்கும் ஓனிக்ஸின் அடிப்படைத் தற்காப்போ 160. கணக்குப் போட்டுப் பார்த்தால் எம்பருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டில் எதை அடித்தாலும் ஓனிக்ஸின் உயிர்க்கோடு நகம் வெட்டுவதுபோலத்தான் குறையும்.

அடுத்து மிஸ்டி, முழுக்க நீர். அதற்கடுத்து மின்சாரக்காரர் லெப்டினன்ட் சர்ஜ். இந்த இடம் வரை புல்பசாருக்கு நிகர் யாரும் இல்லை. மிஸ்டியின் 21ஆம் லெவல் ஸ்டார்மி பலரை அழவைத்திருக்கிறது, ஆனால் புல் அடி அதற்கு இரண்டு மடங்கு. சர்ஜின் மின்சாரமோ புல்லின் மேல் பாதிதான் ஏறும். பேராசிரியர் ஓக்கும் இந்த ஆட்டத்தில் புல்பசாரை வளர்ப்பது மிக எளிது என்றும், சார்மாண்டருக்குப் பொறுமை வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறார். அதை நம்பித்தான் எல்லோரும் புதியவர்களுக்குப் புல்பசாரைப் பரிந்துரைக்கிறார்கள்.

எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நான்காவது ஜிம்மில் எரிகா: புல்லும் நச்சும். ஐந்தாவது கோகா: நச்சு. ஆறாவது சப்ரினா: சைக்கிக், அதாவது புல்பசாருக்குள் புல்லோடு கலந்திருக்கும் நச்சுக்கு நேர் எதிரி. ஏழாவது பிளெய்ன்: நெருப்பு. தொடர்ந்து நான்கு ஜிம்களில் அதன் புல் அடி எடுபடாது, இல்லாவிட்டால் அதுவே அடி வாங்கும். முதல் மூன்று பதக்கங்களையும் தனியாளாக வாங்கிக் கொடுத்துவிட்டதால் மற்ற போக்கிமான்களை நாம் வளர்த்திருக்கவும் மாட்டோம். 35ஆம் லெவலில் ஒரு வீனசார் (முழுதாக வளர்ந்த புல்பசார்), பின்னால் 12ஆம் லெவலில் ஐந்து பேர். நான் முதன்முதலில் ஆடியபோது கோகாவின் வாசலில் நின்ற கோலம் அப்படியே இதுதான். ஒன்று சொல்ல வேண்டும்: 15ஆம் லெவலில் வரும் ஸ்லீப் பவுடர் காட்டில் எதையாவது பிடிக்கும்போது தங்கம். தூங்குவது சுலபமாகப் பந்துக்குள் போகும்.

சார்மாண்டர் இதற்கு நேர்மாறு. முதல் இரண்டு ஜிம்களிலும் திண்டாட்டம், எரிகாவிடம் கொண்டாட்டம். 36ஆம் லெவலில் சாரிஸார்ட் ஆனதும் பறக்கவும் செய்யும், எட்டாவது ஜிம்மின் ஜியோவானியின் நில அடி அதன் மேல் படாது. ஆனால் பாறை அடி நான்கு மடங்கு படும். (பழைய ரெட், புளூ ஆட்டங்களில் இவ்வளவு பெரிய இறக்கையை வைத்துக்கொண்டு சாரிஸார்டால் ஃப்ளை என்ற பறக்கும் அடியைக் கற்றுக்கொள்ள முடியாது. இன்றும் இதற்கு எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை.) அதை எடுக்க ஒரு நல்ல காரணம், நெருப்பு வகைக்கு இருக்கும் பஞ்சம். ஃபயர்ரெட்டில் ஆட்டம் பாதியை நெருங்கும்போதுதான் குரோலித் என்ற நெருப்பு வகை வழியில் தென்படும். நீருக்கு அப்படியில்லை, மவுண்ட் மூன் மலைக்கு முன்னாலேயே ஒருவர் 500 ரூபாய்க்கு, அதாவது ஆட்டத்துப் பணத்தில், மேஜிகார்ப் விற்றுக்கொண்டிருப்பார். புல் வேண்டுமென்றால் மிஸ்டியின் ஊருக்கு வடக்கே ஆடிஷ் மேய்கிறது.

ஸ்குவிர்டிலைப் பற்றி யாரும் பரவசமாகப் பேசுவதில்லை. சர்ஜிடமும் எரிகாவிடமும் அடி வாங்கும், மிஸ்டியிடம் இழுபறி. அந்த மூன்றைத் தாண்டிவிட்டால் நிம்மதிதான். பிளெய்ன் சுலபம், ஜியோவானியின் ஐந்து பேருக்கும் தண்ணீர் ஆகாது. நீரைக் கடக்க உதவும் சர்ஃப் அடியை எப்படியும் யாராவது ஒருவர் கற்றுக்கொண்டே ஆக வேண்டும், ஸ்குவிர்டில் வளர்ந்து ஆகும் பிளாஸ்டாய்ஸுக்கு அது சுமை இல்லை, அதன் முக்கிய ஆயுதமே அதுதான். ஐஸ் பீம் என்ற பனி அடியையும் சேர்த்துக் கொடுத்தால் ஜிம்களுக்குப் பின் கடைசிக் கட்டத்தில் வரும் லான்ஸின் டிராகன்களுக்கும் பதில் தயார். ஒருவரை மட்டும் நம்பி ஆட்டம் முழுக்கப் போகிற சோம்பேறிக்கு, அதாவது என்னைப் போன்றவருக்கு, இதுதான் சரி.

இவ்வளவையும் அவனிடம் விளக்கினேன். "வாலில தீ எரியுது சித்தப்பா" என்று சார்மாண்டரை எடுத்துவிட்டான்.

மறுநாள் பிராக்கிடம் நான்கு முறை தோற்றுவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். விரிடியன் நகருக்கு மேற்கே புல்லில் மேன்கி என்றொரு குரங்கு கிடைக்கும், சண்டை வகை, பாறையை உடைக்கும் என்று சொன்னேன். ஒரு மாலை முழுக்க அதை வளர்த்தான். ஓனிக்ஸ் விழுந்தபோது வீடே அதிர்ந்தது. இப்போது அவன் குழுவில் மேன்கி சார்மாண்டரைவிட மூன்று லெவல் மேலே இருக்கிறது.