கொப்பியா, நாவலா? வன்னியிலிருந்து ஆங்கில ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு

முதுகலைமாணிக்கு விண்ணப்பம் கோரும் அறிவித்தல் பத்திரிகையில் வந்தால், இரண்டு மூன்று நாளுக்குள் யாராவது ஓர் ஆங்கில ஆசிரியர் எனக்குப் போன் எடுப்பார். மல்லாவி, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி என்று எங்கிருந்து எடுத்தாலும் கேள்வி ஒன்றுதான். "அக்கா, இலக்கியம் எடுக்கிறதோ, மொழி கற்பித்தல் எடுக்கிறதோ?" போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விசயம் இல்லை. அதனால் எழுதிவைக்கிறேன்.

என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எடுத்தது மொழி கற்பித்தல் ஆய்வு. வன்னியில் படிப்பித்துக்கொண்டே ஆய்வும் செய்யப்போகிற ஒருவருக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் இலக்கியத்தில் விருப்பமில்லாமல் நான் அந்தப் பக்கம் போகவில்லை. முதலில் எழுதிய ஆய்வு முன்மொழிவு இலக்கியத்துக்குத்தான்.

ஆங்கில எழுத்தில் வன்னி எப்படி வருகிறது என்பது அதன் பொருள். 1660இல் பிடிபட்டு ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி அரசனின் கைதியாக இருந்த ரொபேர்ட் நொக்ஸ், 1679இல் அருவியாற்றின் கரையைப் பிடித்துக் காட்டுக்குள்ளால் நடந்து, அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அந்த நடை, 1681இல் லண்டனில் அச்சான அவருடைய புத்தகத்தில் இருக்கிறது. 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி வன்னி மாவட்டங்களுக்கென்று ஒரு கையேடு எழுதினார். பிறகு நீண்ட இடைவெளி. 2016இல் அனுக் அருட்பிரகாசத்தின் முதல் நாவல் வருகிறது, போரின் கடைசி நாட்களில் ஒரு முகாமுக்குள் நடக்கிற கதை. 2021இல் அவருடைய இரண்டாவது நாவல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. அதில் ஒருவன் கொழும்பிலிருந்து ஒரு செத்தவீட்டுக்காகக் கிளிநொச்சிக்கு ரயிலேறி வருகிறான். வெள்ளைக்கார அதிகாரி கண்ட ஆளில்லாக் காட்டையும், எங்கள் காலத்து எழுத்தாளர் கண்ட ஆளிழந்த ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். இன்றைக்கும் அது நல்ல தலைப்பு என்றே நம்புகிறேன். யாராவது எடுத்தால் சந்தோசப்படுவேன்.

எனக்கு அது ஏன் சரிவரவில்லை? நாவல்கள் கிடைத்தன. நொக்ஸின் புத்தகம் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. கிடைக்காதது, அவற்றைப் பற்றி மற்றவர்கள் ஏற்கெனவே என்ன எழுதியிருக்கிறார்கள் என்பது. ஆய்வுச் சஞ்சிகைகளின் பக்கத்துக்குப் போனால் கட்டுரையின் சுருக்கம் மட்டும் தெரியும். முழுக் கட்டுரையைத் திறக்க 30 டொலருக்கு மேல் கேட்கும். பல்கலைக்கழக நூலகத்தின் ஊடாகத் திறக்கலாம்தான், ஆனால் அதற்கு நீங்கள் பதிவுசெய்த மாணவராக இருக்க வேண்டும். முன்மொழிவு கேட்கப்படுவதோ பதிவுக்கு முன்னம். என்னுடையது "முந்தைய ஆய்வுகள் போதாது" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அந்தக் குறிப்பு நியாயமானது. நான் வாசிக்காமல் விட்டவை இருந்தன, அவை இருப்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

செலவு, காலம், வேலை வாய்ப்பு ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பேராதனைக்கோ களனிக்கோ நாவலவில் இருக்கிற திறந்த பல்கலைக்கழகத்துக்கோ எதற்குப் பதிந்தாலும் மாங்குளம் சந்திக்கு வந்து ஏ9இல் இரவு பஸ் பிடிக்கத்தான் வேண்டும். வேலையைப் பார்த்தால் மொழிப் பக்கத்துக்குத் தேவை கூட. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன. 2021 ஓகஸ்டில் வவுனியா வளாகமும் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. தமிழில் உயர்தரம் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் அங்கே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்க வேண்டும். அவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆட்கள் வேண்டும். ஆனால் வேலைக்காக மட்டும் ஒருவர் இரண்டு வருசம் ஓர் ஆய்வோடு கிடக்க முடியாது. முடிவை அதில் வைக்காதீர்கள்.

ஆய்வுக்கு வேண்டிய பொருள் எங்கே இருக்கிறது, அதற்கு மிகக் கிட்ட நிற்பவர் யார்? முடிவை நான் இதில்தான் வைப்பேன். இலக்கிய ஆய்வு என்பது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிற ஒரு பேச்சில் போய்ச் சேர்வது. அந்தப் பேச்சு நூலகங்களிலும் சஞ்சிகைகளிலும் நடக்கிறது. பேராதனையில் இருப்பவர் காலையில் நடந்துபோய் எடுத்துப் பார்ப்பதை நான் ஒரு நாள் லீவு போட்டு, ஓர் இரவு பஸ்ஸில் இருந்து போய்ப் பார்க்க வேண்டும். எவ்வளவு கெட்டித்தனம் இருந்தாலும் நான் பிந்தித்தான் வருவேன். வகுப்பறை ஆய்வில் இது தலைகீழாக மாறுகிறது. துணுக்காய் வலயத்தில் ஒரு எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஆங்கில வசனத்தை எங்கே பிழைவிடுகிறது, ஏன் விடுகிறது என்று பார்க்க விரும்பினால் பேராதனைப் பேராசிரியர்தான் பஸ் ஏறி வர வேண்டும். நான் எழும்பிப் பின்வாங்குக்கு நடந்தால் போதும்.

ஆய்வுக் கேள்வி எனக்கு வந்ததும் ஒரு பின்வாங்கிலிருந்துதான். எட்டாம் ஆண்டு, 31 பிள்ளைகள். 'இன்', 'ஆன்', 'அட்' மூன்றையும் கரும்பலகையில் எழுதி, வழக்கம்போல மேசையும் பெட்டியும் கீறிக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை எழும்பி, "ரீச்சர், தமிழில 'இல்' ஒண்டுதானே, இங்கிலீசில மட்டும் ஏன் மூண்டு?" என்று கேட்டாள். அந்த நிமிடம் என்னிடம் மறுமொழி இல்லை. வீட்டுக்கு வந்து எண்ணிப்பார்த்தேன். பெட்டியில், மேசையில், பள்ளிக்கூடத்தில் என்று எல்லாவற்றுக்கும் நாங்கள் ஓர் உருபைத்தான் ஒட்டுகிறோம். ஆங்கிலம் கேட்கிற வித்தியாசத்தை, 'பெட்டிக்குள்', 'மேசைமேல்' என்று தேவை வந்தால் மட்டும் சொல்கிறோம். நேரத்துக்கோ 'இல்' கூட இல்லை, ஐந்து 'மணிக்கு'. அன்றிரவு கொப்பிகளைப் புரட்டியபோது, 'அட் ஃபைவ்' என்று வரவேண்டிய இடத்தில் சில பிள்ளைகள் 'டு ஃபைவ்' என்று எழுதியிருந்ததைக் கண்டேன். அத்தனை வருசமும் சிவப்புப் பேனையால் வெட்டிக்கொண்டு வந்த பிழைதான். அதற்குள் நான்காம் வேற்றுமை இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதற்கு ஆய்வுலகில் பழைய அடித்தளம் உண்டு. எஸ். பிட் கோர்டர் 1967இல் எழுதிய கட்டுரையில், கற்பவரின் பிழை என்பது அவர் மனதில் மொழி எப்படி ஒழுங்குபடுகிறது என்பதற்கான சான்று என்றார். 1972இல் லரி செலிங்கர், கற்பவர் மனதில் அப்படி உருவாகிற இடைநிலை மொழிக்குத் தனிப் பெயரே வைத்தார். தாய்மொழியும் அல்லாத, இலக்கு மொழியும் அல்லாத, தனக்கென்று விதிகள் உள்ள ஒரு மொழி. இவை எல்லாம் பாடநெறியின் முதல் தவணையிலேயே வரும். மனனமும் செய்யலாம். ஆனால் என் கையில் 31 கொப்பிகள் இருந்தன. கோர்டரின் வசனம் விளங்கியது கொப்பியை விரித்த பிறகுதான்.

நான் செய்தது செயல்நிலை ஆய்வு: திட்டமிடு, செய், அவதானி, யோசி, பிறகு மறுபடி. இந்தப் பெயரைப் பரப்பியவர் உளவியலாளர் கேர்ட் லெவின். அவருடைய 1946ஆம் ஆண்டுக் கட்டுரை சிறுபான்மையினரின் பிரச்சினைகளைப் பற்றியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. என் முதல் சுழற்சியில், தமிழ் உருபுகளை மறைக்காமல் கரும்பலகையிலேயே ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் எழுதிப் படிப்பித்தேன். ஒவ்வொரு கிழமையும் ஒரு பந்தி எழுதவைத்து, உருபுப் பிழைகளை மட்டும் வகை பிரித்தேன். கொட்டி முழக்குகிற முடிவுகள் வரவில்லை. இடத்துக்கான பிழைகள் குறைந்தன, நேரத்துக்கானவை அவ்வளவு அசையவில்லை. ஏன் அசையவில்லை என்பதுதான் என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம்.

வன்னியில் வசதியில்லை, பெரிய ஆய்வு இங்கே நடக்காது என்று சொல்பவர்களுக்கு நான் சுரேஷ் கனகராஜாவைச் சொல்வேன். அவர் 1984 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தார். போரும் பொருளாதாரத் தடையும் இருந்த காலம், மின்சாரம் இல்லை, கடதாசியே அரிது. முதலாம் வருடக் கலைப்பீட மாணவர்கள் 22 பேர் கொண்ட ஒரு வகுப்பைக் கவனித்து அவர் எழுதிய ஆய்வு 1993இல் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் வந்தது. அந்த வகுப்பில் பாடப் புத்தகம் அமெரிக்காவில் அச்சானது. மாணவர்கள் அதன் விளிம்புகளில் படங்கள் கீறியிருந்தார்கள், தமிழில் வரிகள் எழுதியிருந்தார்கள். காதல், சினிமா, போராட்டம் எல்லாம் அங்கே இருந்தன. வாயால் சொல்லாத எதிர்ப்பை அவர் அந்த விளிம்புகளில் வாசித்தார். கையெட்டும் தூரத்தில் இருந்த பழைய பாடப் புத்தகங்கள்தான் அவருக்குத் தரவு. அவற்றை வாசிக்க அவருக்குத் தேவைப்பட்டது, ஒரு கவிதையை வாசிக்கிற அதே கண். இலக்கியத்தில் விருப்பம் உள்ளவர் மொழிப் பக்கம் வந்தால் அந்தக் கண் வீணாகாது என்று நான் சொல்வது இதனால்தான்.

மொழி ஆய்வின் கஷ்டங்களையும் மறைக்கக் கூடாது. நாவலை வாசிக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. பிள்ளைகளிடம் தரவு எடுக்க வலயக் கல்விப் பணிமனை, அதிபர், பெற்றோர் என்று மூன்று படி ஏற வேண்டும், பல்கலைக்கழகத்தின் ஒழுக்க நெறிக் குழு வேறு. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று: படிப்பிக்கிற ரீச்சரே வந்து "என் ஆய்வுக்குச் சம்மதமா?" என்று கேட்டால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? சம்மதக் கடிதங்களை வகுப்பாசிரியரைக் கொண்டு வாங்கி, யார் மறுத்தார்கள் என்று தவணை முடியும்வரை எனக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டேன். அதுவும் போதுமான வழி என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

காலநிலையும் குறுக்கே வரும். மார்கழி மழையில் குளம் வான் பாய்ந்தால் பாதை அறுந்துவிடும். தை மாசியில் காலபோக அறுவடை, வயலுக்குப் போன பிள்ளைகளின் வாங்கு வெறுமையாக இருக்கும். என் இரண்டாம் சுழற்சி இதற்குள் அகப்பட்டுப் பாதியில் நின்றது. வைகாசிக்குத் தள்ளி மறுபடி தொடங்கினேன். அந்த ஆண்டுப் பாடசாலை நாட்காட்டியோடு வயல் நாட்காட்டியையும் வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். மேற்பார்வையாளர் கொழும்பில் இருப்பவராக இருந்தால் இதை நீங்கள்தான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, வினாக்கொத்து. 'ஆங்கிலம் கற்பதில் மாணவர்களின் மனப்பாங்கு' என்று ஐம்பது பேருக்கு வினாக்கொத்து கொடுத்துச் சதவீதம் கண்டு முடிக்கிற ஆய்வு செய்யப்போகிறீர்கள் என்றால், தயவுசெய்து இலக்கியத்துக்கே போங்கள். "ஆங்கிலம் முக்கியமா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் முக்கியம் என்றுதான் போடும். கிட்ட நிற்பதால் கிடைக்கிற அந்தப் பெரிய பலத்தை இந்த வகை ஆய்வு கையிலிருந்து விட்டுவிடுகிறது. அதைக் கொழும்பில் இருந்தும் தபாலில் அனுப்பிச் செய்யலாம்.

இலக்கியப் பக்கத்தில் என் அனுபவம் ஒரு திரும்பி வந்த முன்மொழிவோடு நின்றுவிட்டது. அந்தப் பாதையை முழுதும் நடந்த ஒரு சிநேகிதி இருக்கிறா. அவ சொல்வது, பதிவு கிடைத்த பிறகு மின்நூலகம் திறந்துவிடும், முதல் ஆறு மாதத்தைத் தாண்டினால் பிறகு பெரிய இடைஞ்சல் இல்லை என்று. இரவில் பிள்ளைகள் நித்திரையான பிறகு எழுதலாம், இடையில் ஒரு வருசம் விட்டுத் தொடரலாம், நாவல் எங்கேயும் ஓடிப்போகாது. சின்னப் பிள்ளைகள் உள்ள தாய்மாருக்கு இது பெரிய காரணம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பாடசாலையில் வகுப்பில்லாத பதவிக்கு மாறிவிட்டவருக்கும் நான் இலக்கியத்தையே சொல்வேன், கொப்பி கையில் இல்லாதபோது என் வாதத்துக்குக் காலில்லை. கலாநிதிப் பட்டம்வரை போகிறவர்களுக்கு எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியாது, நான் அவ்வளவு தூரம் போகவில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு: இலக்கியத்தை வகுப்பில் எப்படிப் படிப்பிப்பது என்று ஆராய்வது. சாதாரண தரத்தில் ஆங்கில இலக்கியம் தெரிவுப் பாடமாக இருக்கிறது. ஆனால் அதைத் தெரிவுசெய்கிற பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் என்று முதலில் விசாரியுங்கள். என் பாடசாலையில் அந்தப் பாடமே நடக்கவில்லை.

மொழிப் பக்கம் என்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரு வேலை, விண்ணப்பம் போட முன்னமே செய்யக்கூடியது. வருசம் முடிந்ததும் பிள்ளைகள் பழைய கொப்பிகளைக் கிலோக் கணக்கில் விற்றுவிடுவார்கள். என் முதல் வருடக் கொப்பிகள் பல அப்படித்தான் போயின. மல்லாவிச் சந்தியில் கச்சான் வாங்கினபோது, சுருளில் என் சிவப்புப் பேனைக் கையெழுத்தைக் கண்டேன். 'டு ஃபைவ்' என்ற இடத்தில் வட்டம் போட்டிருந்தேன். பெற்றோரிடம் கேட்டு, பிள்ளையின் பெயர் தெரியாமல் மறைத்து, பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்து வையுங்கள். திகதியை மட்டும் மறைக்காதீர்கள், பிழை எந்தக் கிழமையில் மாறத் தொடங்கியது என்று பிறகு தேடும்போது அது வேண்டும்.