தனியாகக் கேட்க முடியாத ஆல்பம்

ஃபிளேமிங் லிப்ஸ் என்ற அமெரிக்க ராக் இசைக் குழு 1997-இல் வெளியிட்ட 'ஸைரீகா'வை வாங்க நினைப்பவர்கள் முதலில் மூன்று நண்பர்களைத் தேடிக்கொள்ளுங்கள். பெட்டியில் நான்கு சிடிக்கள், எட்டுப் பாடல்கள். நான்கையும் நான்கு பிளேயர்களில் ஒரே நொடியில் ஓடவிட வேண்டும். ஒன்றில் டிரம்ஸ், இன்னொன்றில் குரல் எனப் பாடல் சிதறிக் கிடக்கிறது.

எங்கள் கூடத்தில் என் பழைய சோனி, மைத்துனரின் மடிக்கணினி, இரவல் வாங்கிய இரண்டு பிளேயர்கள். மூன்று எண்ணி பொத்தானை அழுத்தினாலும் சில நிமிடங்களில் ஒன்று பின்தங்கிவிடும். அது குறையல்ல, இந்த விலகலையும் சேர்த்தே இசையமைத்திருக்கிறார்கள். சோபாவில் கேட்ட பாடல் சமையலறை வாசலில் வேறாக ஒலிக்கிறது. ஒரு பாடலில் வரும் மிகக் கூரிய ஒலியை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை; நாய் இருக்கும் வீட்டில் அதைத் தவிர்த்துவிடலாம்.

ஓக்லஹோமா சிட்டியில் 1983-இல் தொடங்கிய குழு இது. 1993 ஆல்பத்தின் ஒரு பாடல் வானொலியில் ஓடியது. 1996-இல் கிதார் கலைஞர் ரொனால்ட் ஜோன்ஸ் விலகினார். அதையொட்டிய காலத்தில் குழுவின் பாடகர் வெய்ன் காய்ன் கார் நிறுத்துமிடங்களில் பல கார்களுக்குக் கேசட்டுகள் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவைத்தார். இந்தப் பெட்டி அங்கிருந்து பிறந்ததுதான். வார்னர் நிறுவனம் இதற்குச் சம்மதித்தது எனக்கு இன்னும் வியப்பு.

குழுவைப் புதிதாகக் கேட்பவர்கள் 1999-இன் 'தி சாஃப்ட் புல்லட்டி'னை வாங்குங்கள். அதற்கு ஒரு பிளேயர் போதும்.