தடைக்காலத்தில் ஐந்து மாலை: எங்கள் பக்கத்து மறைநூல் வகுப்பு

தங்கச்சிமடம் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கில் இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் ஐந்து மாலை மறைநூல் வகுப்பு வைத்தார்கள். விவிலியத்தின் இறைவாக்கினர்கள் இஸ்ரயேலர் அல்லாத வேற்றினத்தாருக்குச் சொன்ன தீர்ப்பும் நம்பிக்கையும்தான் பாடம். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் நிற்பதால் ஆண்களும் வந்து உட்கார்ந்தார்கள். கட்டணம் இல்லை, நகல் தாளுக்கு மட்டும் 30 ரூபாய். அடுத்த முறை போகலாமா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், கட்டாயம் போங்கள்.

முதல் நாள் ஆமோஸ் என்ற இறைவாக்கினரின் நூல். தமஸ்கு, காசா, தீர், ஏதோம், அம்மோன், மோவாபு என்று சுற்றியுள்ள நாடுகளை ஒவ்வொன்றாக நிறுத்திக் குற்றம் படிக்கிறார், கேட்கிற இஸ்ரயேலருக்கு இனித்திருக்கும், அப்புறம் யூதா, கடைசியில் அவர்களே. இதில் மோவாபின் குற்றம் ஏதோம் அரசனின் எலும்பைச் சுட்டுச் சாம்பலாக்கியது. இஸ்ரயேலுக்கு அதில் சம்பந்தமே இல்லை. ஒரு வேற்றினம் இன்னொரு வேற்றினத்துக்குச் செய்த கொடுமை, அதையும் ஆண்டவர் கணக்கில் வைத்திருக்கிறார். இத்தனை வருடம் பூசையில் வாசகம் கேட்டும் எனக்கு இது உறைத்ததில்லை.

அன்று, படகு ஓட்டி ஓய்ந்த ஒரு பெரியவர் எழுந்து, "அப்ப 64-ல தனுஷ்கோடி அழிஞ்சதே சிஸ்டர், அதுவும் தண்டனைதானா?" என்று கேட்டார். மண்டபத்தில் சத்தமே இல்லை. வகுப்பு எடுத்த சிஸ்டர் யோசிக்காமல் சொன்னார்: "இல்லைங்கய்யா. இறைவாக்கினர் தீர்ப்புச் சொன்னா என்ன குற்றம்னு சொல்லித்தான் சொல்லுவாங்க, ஆளைப் பிடிச்சு வித்தான், கர்ப்பிணி வயித்தைக் கிழிச்சான்னு. புயல்ல செத்தவங்க மேல நாம குற்றம் தேடி ஒட்டக் கூடாது." பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இரண்டாம் நாள் யோனா, பெரிய மீன் விழுங்கிய இறைவாக்கினர். எல்லாருக்கும் தெரிந்த கதைக்கு இரண்டு மணி நேரம் அதிகம், மீன் வயிற்றிலேயே பாதி நேரம் போய்விட்டது.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் எசேக்கியேல் இறைவாக்கினர், இதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். 27ஆம் அதிகாரத்தில் தீர் என்ற துறைமுக நகரையே ஒரு கப்பலாகப் பாடுகிறார்: லெபனோன் கேதுருவில் பாய்மரம், பாசான் கருவாலியில் துடுப்பு, சீதோன்காரர்கள் தண்டு வலிக்கிறார்கள், கீழ்க்காற்று வந்து நடுக்கடலில் உடைக்கிறது. அந்தக் காற்று நம்ம கொண்டல்தான் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அதற்கு முந்தைய அதிகாரத்தில் அந்தப் பணக்கார நகரம் வெறும் பாறையாகி வலை காயப்போடும் இடமாகும் என்று தீர்ப்பு. வலை காய்வது எங்களுக்குச் சோறு, அது எப்படிச் சாபம் என்று எனக்குக் கொஞ்சம் வலித்தது. மறுநாள் சிஸ்டர் 47ஆம் அதிகாரத்தை எடுத்தார். கோயிலிலிருந்து ஓடும் தண்ணீர் மீன் வாழாத சாக்கடலில் விழ, உப்புநீர் நல்ல நீராகி, பெருங்கடல் அளவுக்கு மீன் வகை பெருகி, ஏன்கெதி கரை நெடுக வலை விரிக்கும் இடமாகிறதாம். அதே வலை! சேற்று நிலத்தை மட்டும் உப்புக்கென்று விட்டுவைக்கிறார், வாலிநோக்கம் உப்பளம் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். அதிகாரம் முடியும்போது இஸ்ரயேலர் நிலம் பங்கிடுகிறார்கள், கூடக் குடியிருக்கும் அன்னியருக்கும் சொந்தப் பிள்ளைகளைப் போலவே பங்கு உண்டு.

குறை என்றால் கடைசி நாள்தான். எகிப்தையும் அசீரியாவையும் இஸ்ரயேலோடு சேர்த்து ஆண்டவர் ஆசி கூறும் எசாயா 19ஐ அரை மணியில் முடித்துவிட்டார்கள். ஊரையே அடிமைப்படுத்திய அசீரிய வல்லரசை 'என் கைவேலை' என்கிறார், அதற்கு ஒரு முழு மாலை வேண்டாமா? யோனாவைக் குறைத்திருக்கலாம். தாளில் எழுத்தும் பொடி, வயதானவர்கள் திணறினார்கள். அப்புறம் ஆறு மணி பெண்களுக்கு ஒத்துவராது. உலை வைக்கிற நேரம், பாதிப் பேர் நடுவில் எழுந்து போனார்கள். அடுத்த வருடம் ஏழரைக்கு வையுங்கள்.