ரோமானிய வினாடி வினாவுக்குப் பன்னிரண்டு பொத்தான் பஸர் செட்

செர்டாமென் முறையில், அதாவது லத்தீன் மொழி, ரோமானிய வரலாறு பற்றிப் பொத்தான் அமுக்கிப் பதில் சொல்லும் வினாடி வினா முறையில், போட்டி நடத்தப் போகிற கோவை, ஈரோடு, கரூர்ப் பள்ளிகளுக்கு இது உதவும். காந்திபுரம் பக்கம் நாள் வாடகைக்குக் கிடைக்கிற, கம்பி வைத்த பன்னிரண்டு பொத்தான் செட் பற்றித்தான் சொல்கிறோம்.

பன்னிரண்டு எதற்கு? வழக்கமாக மேடையில் மூன்று அணி, அணிக்கு நாலு பேர். முதல் கேள்விக்கு 10 மதிப்பெண், கலந்து பேசக்கூடாது. சரியாகச் சொன்ன அணிக்கு மட்டும் தலா 5 மதிப்பெண்ணில் இரண்டு துணைக் கேள்விகள், அதில் பேசிக்கொள்ளலாம். ஆகவே அமுக்கிய பிள்ளை யார் என்று விளக்கு காட்டியே ஆகணும். அணிக்கு ஒரே பொத்தான் உள்ள செட் இதற்கு ஆகாதுங்க. பக்கத்துப் பிள்ளை கிசுகிசுத்ததா என்று நடுவருக்குத் தெரியவே தெரியாது.

கேள்வி பாதியில் இருக்கும்போதே அமுக்கலாம் என்பதுதான் இந்தப் போட்டியின் உயிர். "அகஸ்டஸ் தினாரியத்தின் பின்புறம் கேடயம், ஈட்டியோடு நிற்கும் இருவர்..." என்று வாசிக்கும்போது, நம் பக்கத்துப் புதையல்களில் வந்த இந்த ரோமானிய வெள்ளிக் காசுகளைப் படித்த பிள்ளைகள் 'கேடயம்' என்றதுமே பேரரசர் அகஸ்டஸின் பேரன்கள் காயுஸ், லூசியுஸ் என்று பாய்வார்கள். துணைக் கேள்விகள்: அவர்களைப் பெற்ற தந்தை? அக்ரிப்பா. இருவரும் இறந்தபின் பேரரசரானவர்? திபேரியுஸ். மூன்று கைகள் ஒரே நேரத்தில் அமுங்கும் அந்த நொடியில் செட் தடுமாறக் கூடாது. இந்தச் செட் தடுமாறவில்லை. முதலில் அமுக்கியவரின் விளக்கு எரிந்ததும் மற்றவை பூட்டிக்கொள்கின்றன.

குறை ஒன்று உண்டு, பெரிய குறைதான். தப்பாகச் சொன்ன அணி அந்தக் கேள்விக்கு மறுபடி அமுக்கக்கூடாது. ஆனால் ரீசெட் தட்டினால் எல்லாப் பொத்தானும் திறந்துவிடுகிறது. நடுவர் பக்கத்தில் ஒருவர் குறித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

முன்பணம் கொடுக்கும் முன் பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பாருங்க. ரீசெட் செய்ததும் தானாக விளக்கு எரிந்தால், ஏதோ ஒரு பொத்தான் உள்ளே சிக்கியிருக்கிறது. இரண்டு பொத்தானை ஒன்றாகப் பல தடவை அமுக்கியும் எப்போதும் சின்ன எண்ணே ஜெயித்தால், அந்தப் பெட்டி பொத்தான்களை வரிசைப்படி மெதுவாகப் பார்க்கிறது என்று அர்த்தம். வேறு பெட்டி கேளுங்க. கம்பி பிளக்கில் சேரும் இடம்தான் முதலில் அறும். அதனால் கம்பியை மேசைக் காலோடு டேப் ஒட்டி விடுங்க, கூடவே இரண்டு உபரிப் பொத்தானும் கேட்டு வாங்குங்க.