வர்த்தக ஒப்பந்தத்தில் தொழிலாளர் விதி: தண்டனையா, பேச்சுவார்த்தையா?

தொழிலாளர் உரிமை விதிகள் ஒப்பந்தத்தில் வேண்டும், சரி. மீறினால் என்ன செய்வது என்பதில்தான் இழுபறி.

வேகம்
தண்டனை: 2020இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கா–மெக்சிகோ–கனடா ஒப்பந்தத்தில் ஒரு தனி ஆலை மீதே புகார் கொடுக்கலாம், மீறல் உறுதியானால் அதன் வரிச்சலுகை பறிபோகலாம். மெக்சிகோவின் சிலாவோ ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் சங்கமும் நிர்வாகமும் போட்ட கூட்டு ஒப்பந்தம் மீதான தொழிலாளர் வாக்கெடுப்பின் சீட்டுகள் அழிக்கப்பட்டன. 2021 மே மாதம் அமெரிக்கா கேள்வி எழுப்பியது. ஆகஸ்டில் மறுவாக்கெடுப்பு, அந்தப் பழைய ஒப்பந்தத்தைத் தொழிலாளர்களே தூக்கி எறிந்தார்கள்.
பேச்சு: ஆமை வேகம்.

நிலைப்பு
தண்டனை: அந்த ஆலையோடு முடிந்துவிடலாம்.
பேச்சு: தொழிலாளர் உரிமை தொடர்பாகத் தென்கொரியா மீது ஐரோப்பிய ஒன்றியம் தொடுத்த வழக்கில், அபராதம் விதிக்கும் அதிகாரமே இல்லாத நிபுணர் குழு 2021 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டில் தென்கொரியா சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) மூன்று உடன்படிக்கைகளை ஏற்றது. நாடு முழுவதற்கும் பலன்!

நியாயம்
தண்டனை: வலுத்தவர் கையில் சாட்டை. அமெரிக்க ஆலைகள் மீது இந்த வழிமுறை ஏறக்குறைய பாய்வதே இல்லை.
பேச்சு: கொஞ்சம் சமம்.

தண்டனை இருந்தாலே போதாது. தண்டனை விதி இருந்த வேறொரு வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் குவாத்தமாலா மீது தொடுத்த வழக்கில் 2017இல் அமெரிக்கா தோற்றது. மீறல் வர்த்தகத்தைப் பாதித்ததாக நிரூபிக்க முடியவில்லை.

குறிப்பிட்ட ஆலையில் சங்கத்தை நசுக்கினால் தண்டனை விதி. நாட்டின் சட்டமே மாற வேண்டுமானால் பேச்சு, அதுவும் காலக்கெடுவோடு.