கின்ஸாவில் எட்டு நாற்காலி சுஷிக் கடை

டோக்கியோ கின்ஸாவில், ஒரு அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது இந்தக் கடை. ஹினோகி மரப் பலகையில் ஒரு கவுண்டர், எட்டு நாற்காலிகள், எதிரே சமையல்காரர். மெனு கிடையாது. காலையில் டொயோசு சந்தையில் வாங்கியதை அவர் சோற்றின் மேல் வைத்து ஒவ்வொன்றாகக் கையால் பிடித்துத் தர, நாம் சாப்பிட வேண்டியதுதான்.

சூரை மீனின் வயிற்றுப் பகுதியான ஓதோரோ இங்கே அருமை. ஆனால் அது பல கடைகளில் கிடைக்கும். நான் இங்கே திரும்பப் போவது கோஹதாவுக்காக. வெள்ளித் தோலும் நிறைய முள்ளும் உள்ள, விலை மலிவான சின்ன மீன். உப்பு தூவி வைத்து, கழுவி, வினிகரில் ஊறப்போட வேண்டும். மீனின் அளவையும் கொழுப்பையும் பார்த்து நேரத்தை மாற்றுகிறார்கள். அதிகமானால் சதை இறுகிவிடும். குறைந்தால் கவிச்சி போகாது. ஐஸ் இல்லாத 19-ஆம் நூற்றாண்டில் எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) நகரத் தெருக்கடைகள் மீன் கெடாமலிருக்கச் செய்த வேலை இது. இவர் கையில் முதலில் மெல்லிய புளிப்பு, அப்புறம் மீனின் கொழுப்பு, கடைசியில் சோறு. அந்த வரிசை தவறவே இல்லை.

சோற்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாக்கே என்ற அரிசி மதுவைப் பிழிந்த சக்கையை வருடக்கணக்கில் பழக்கிச் செய்யும் சிவப்பு வினிகர் சேர்ப்பதால் லேசான பழுப்பு நிறம். உடம்புச் சூட்டில் இருக்கிறது, வாயில் போட்டதும் பருக்கை பருக்கையாகப் பிரிகிறது. படம் எடுத்துக்கொண்டிருந்தால் ஆறிவிடும், வைத்தவுடன் எடுத்துச் சாப்பிடுங்கள். கையாலேயே சாப்பிடலாம். சோயா சாஸை அவரே தடவித் தருகிறார், காரமான வசாபி விழுதும் உள்ளே இருக்கிறது. தொட்டுக்கொள்ள எதுவும் வேண்டாம்.

குறை இரண்டு. சாக்கேவுக்கு விலைப்பட்டியல் இல்லை, பில் வந்தபோதுதான் தெரிந்தது. முதலிலேயே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, எட்டரை மணிக்கு அடுத்த குழு வருவதால் கடைசி அனாகோவும் முட்டையும் அடுத்தடுத்து வந்துவிட்டன. வாயில் கரையும் அந்தக் கடல் விலாங்குக்கு இரண்டு நிமிடம் கொடுத்திருக்கலாம். இவ்வளவு பணம் வாங்கும் கடையில் இந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை.

இரவுச் சாப்பாடு 35,000 யென், மதியம் அதில் பாதி. டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள், எட்டுப் பேருக்கும் மீன் வாசனை தெரியாமல் போகும். முதல் தடவை போகிறவர்கள் மதியத்துக்கே முன்பதிவு செய்யலாம். துண்டுகள் குறைவுதான், ஆனால் கோஹதா உண்டு, யாரும் அவசரப்படுத்துவதும் இல்லை.